விழுங்க மறுக்கும் குழந்தையும் உணவுக்குழல் ஒவ்வாமையும்

ஒவ்வொரு கவளத்திற்கும் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கும் பிள்ளையையும், சப்பாத்தியை நெடுநேரம் மென்றுகொண்டிருக்கும் பிள்ளையையும் பிடிவாதம் என்று கடிந்துகொள்வதே வழக்கம். ஆயினும், உணவுக்குழலின் உட்சுவரில் ஒவ்வாமையால் தோன்றும் அழற்சியும் இவ்விதமாகவே வெளிப்படக்கூடும். கைக்குழந்தை பாலை மறுத்து வாந்தியெடுக்கும். சற்று வளர்ந்த குழந்தை வயிற்று வலி என்று சொல்லும். கவனியாது விட்டால், ஆண்டுகள் செல்லச் செல்ல உணவுக்குழல் தடித்துச் சுருங்கிவிடுவதுண்டு.

இயோசினோபில் என்னும் வெள்ளணுக்களுக்கு உணவுக்குழலில் இயல்பாக இடமில்லை. இந்நோயில் அவை அங்கு வந்து திரள்கின்றன. எண்டோஸ்கோப் குழாயைச் செலுத்திச் சிறு திசுத் துணுக்குகளை எடுத்து மைக்ராஸ்கோப்பில் காணும்போது, பெரிதாக்கிய ஒரு பார்வைப் புலத்தில் 15 அணுக்களேனும் இருந்தால் நோய் இதுவாகலாம். பிற காரணங்களை விலக்கிய பின்னரே உறுதி கூறுவர்.

இரைப்பை அமிலம் மேலேறுவதே காரணம் என்று முன்னர்க் கருதினர். 1995-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள், அமில மருந்துகளுக்குக் கட்டுப்படாத 10 குழந்தைகளுக்கு, முழுப் புரதம் இல்லாத அமினோ அமிலக் கலவையை முதன்மை உணவாக அளித்தனர். எண்மருக்கு நோய்க்குறிகள் மறைந்தன, இருவருக்குக் குறைந்தன. குற்றம் உணவினுடையதே என்பது இவ்வாறு புலனாயிற்று.

அக்கலவை விலை மிகுந்தது. சுவையோ சகிக்கத் தக்கதன்று. ஆகவே பால், கோதுமை, முட்டை, சோயா, கொட்டை வகைகள், மீன் வகைகள் ஆகிய ஆறையும் நீக்கி, புண் ஆறிய பின் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துச் சோதிக்கும் முறை வந்தது. பெரும்பாலும் குற்றவாளி பாலாதலால், அதனை மட்டும் முதலில் நிறுத்துவோரும் உளர். பால் என்றால் தயிர், மோர், பனீர், பால் இனிப்புகள் யாவும் அடங்கும். நம் வீடுகளில் இது சிறு காரியமன்று! மருத்துவரைக் கேளாமல் பெற்றோர் தாமே உணவுகளை நிறுத்துவது குழந்தையின் எடையைக் குறைத்துவிடும். களப் பணியாளர் இக்குழந்தைகளின் உயரத்தையும் எடையையும் தவறாது குறித்து வருதல் வேண்டும்.

மருந்துகளும் உண்டு. அமிலத்தைக் குறைக்கும் மருந்து சிலருக்கே போதுமானது. ஆஸ்த்மாவுக்கு உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு மருந்தை இங்கு விழுங்கச் செய்கின்றனர். புடசோனைடு திரவத்தைச் சர்க்கரைப் பாகு போன்ற ஒன்றில் குழைத்துக் கொடுப்பர். அது குழலின் சுவரில் படிந்திருக்க வேண்டுமாதலால், பின்னர் அரைமணி நேரம் நீரும் அருந்தலாகாது. டுபிலுமாப் என்னும் ஊசி மருந்து, 15 கிலோ எடையுள்ள, ஒரு வயது நிறைந்த குழந்தைகளுக்கும் 2024-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. எதனை நிறுத்தினாலும் நோய் பெரும்பாலும் திரும்பி வரும்.

பள்ளியில் உண்ணும்போது உணவு சிக்கி, உமிழ்நீரையும் விழுங்க இயலாது மாணவன் தவித்தால், மேலும் சோறு உருட்டிக் கொடுத்துத் தள்ள முயலாமல், உடனே மருத்துவமனைக்கு அனுப்புக.