அகப்பாடல்களில் பிரிவு

சங்க அகப்பாடல்களுக்கு உரிப்பொருள்களாக, அதாவது ஒவ்வொரு திணைக்கும் உரிய வாழ்க்கை நிகழ்வுகளாக, புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்னும் ஐந்தைத் தொல்காப்பியம் கூறுகிறது. இவற்றுள் பாலைக்குரிய பிரிதல் மட்டுமே பிரிவின் பெயரைத் தாங்கி நின்றாலும், தலைவன் திரும்பும் வரை ஆற்றியிருக்கும் முல்லையின் இருத்தலும், ஆற்றாது வருந்தும் நெய்தலின் இரங்கலும் அவன் பிரிந்து சென்றதால் விளைபவையே. மருதத்தின் ஊடலும் பெரும்பாலும் அவன் பரத்தையை நாடி வீட்டை விட்டு அகன்றதில் பிறப்பதால், கூடலைப் பாடும் குறிஞ்சி நீங்கலாக மற்ற நான்கு திணைகளும் பிரிவையே வேரூன்றும் நிலமாகக் கொண்டுள்ளன.

பிரிவைப் பொதுவான ஒரு துயரமாகக் கருதி அமையாமல், எதற்காகப் பிரிந்தான், எத்தனை காலம் பிரிந்தான் என்று இலக்கண நூலார் நுணுகிக் கேட்டனர். கல்விக்காகப் பிரியும் ஓதல், நாடு காக்கப் பிரியும் காவல், பகைகொண்ட வேந்தரைச் சந்து செய்விக்கப் பிரியும் பகைதணிவினை, வேந்தனுக்குத் துணையாகச் செல்லும் பிரிவு, பொருள்வயிற் பிரிவு, பரத்தையிற் பிரிவு என ஆறு வகைகளை இறையனார் அகப்பொருள் வகுக்கிறது. கல்விப் பிரிவு மூன்று ஆண்டுகளைக் கடத்தல் ஆகாது என்றும், வேந்தன் பொருட்டுச் செல்லும் பிரிவு ஓராண்டுக்குள் முடிய வேண்டும் என்றும் தொல்காப்பியக் கற்பியல் எல்லை வரையறுக்கிறது. திருமணத்துக்கு முந்தைய களவுக் காலத்திலும் பிரிவு உண்டு. ஊரார் பழிச்சொல் அடங்கும்பொருட்டுச் சில நாள் விலகியிருப்பது ஒருவழித் தணத்தல் எனவும், மணத்துக்குப் பொருள் தேடச் செல்வது வரைவிடை வைத்துப் பொருள்வயிற் பிரிதல் எனவும் பெயர் பெற்றன. திருக்குறளும் களவியலுக்கு 7 அதிகாரங்களை ஒதுக்கி, கற்பியலின் 18 அதிகாரங்களைப் பிரிவாற்றாமையில் தொடங்குகிறது.

இந்த ஆறு வகைகளிலும் பிரிந்து செல்பவன் ஆண், காத்திருப்பவள் பெண். பெண் தானே வீட்டை நீங்கும் ஒரே வழி உடன்போக்கு, அதாவது பெற்றோர் அறியாமல் தலைவனுடன் செல்லுதல்; அப்போது பிரிவின் வலி காதலரை விட்டுத் தாயிடம் இடம் மாறுகிறது. பெற்ற நற்றாயும் வளர்த்த செவிலியும் மகள் சென்ற சுரத்தின் வெம்மையை எண்ணிப் புலம்பும் பாடல்கள், அகமரபு காதலர் இருவரின் உணர்வோடு நின்றுவிடாமல் குடும்பத்தின் இழப்பையும் எத்துணைப் பரிவோடு நோக்கியது என்பதைக் காட்டுபவை. பாலைத்திணையின் உச்சம் என இவற்றையே சொல்ல வேண்டும். ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலையின் 100 பாடல்களில் மகட்போக்கியவழித் தாயிரங்கு பத்து இத்துயருக்கென்றே அமைந்தது. ஆயினும் அந்நூறு இரங்கலோடு முடிவதில்லை. உடன்போன மகள் மீண்டு வருவதைப் பாடும் மறுதரவுப் பத்தே அதன் இறுதிப் பகுதியாக வைக்கப்பட்டுள்ளது.