மீட்டர் போடாத தீவு!

''ஃபோர் ஹண்ட்ரட் பாத்!''

டுக்டுக் டிரைவர் நாலு விரலைக் காட்டியதும் சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

''என்ன கண்ணு சொல்றான்?''

''நானூறு பாத்துங்க சித்தப்பா. நம்ம காசுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல.''

''ஆறு கிலோமீட்டருக்கா? ஈரோட்டுல இருந்து கோயமுத்தூருக்கு நாம அஞ்சு பேரும் பஸ்ல போயிட்டு வந்தாக்கூட மிச்சம் இருக்குமே!''

இடம், தாய்லாந்தின் புக்கெட் தீவு. பத்தோங் பீச். நேரம், ராத்திரி ஒன்பதரை. நாங்கள் போகவேண்டியது அடுத்த பீச்சான கரோனில் இருந்த ஹோட்டலுக்கு. சித்தப்பா, சித்தி, தம்பி, முட்டி வலியோடு அப்பத்தா, அப்புறம் 'உனக்குத்தான் இங்கிலீஷ் வரும்' என்று செமஸ்டர் லீவில் இழுத்துக்கொண்டு போகப்பட்ட நான்!

அடுத்த வண்டியிடம் கேட்டேன். நானூறு. அதற்கு அடுத்தது? நானூறு. யாரும் ஒரு பாத் இறங்கவில்லை. கடைசியில் ஒருவர், சலிப்பாகப் பின்னால் இருந்த போர்டைக் காட்டினார். எந்த ஊருக்கு எவ்வளவு என்று பெயின்ட்டில் பளிச்சென்று எழுதியிருந்தது. அங்கேயும் அதே ரேட்தான்!

அந்த போர்டுதான் பாஸ், என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது.

கம்பெனி பஸ்ஸில் தெரியாதது

சித்தப்பாவுக்கு ஹார்டுவேர்ஸ் கடை. போன தடவை சிமென்ட் டீலர்களுக்கான டூரில் தாய்லாந்து வந்தவர். ''ஏசி பஸ்ல ஏத்துனாங்க, எறக்குனாங்க. டாக்ஸியெல்லாம் எனக்கெப்படித் தெரியும்?'' என்கிறார். 2023 நவம்பர் முதல் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று தாய்லாந்து அறிவித்தபிறகு, டூர் கம்பெனி இல்லாமல் சொந்தமாகக் கிளம்புகிற நம்ம ஊர்க் குடும்பங்கள் நிறைய. முதல் அடி, ஏர்போர்ட் வாசலிலேயே விழுகிறது.

எங்களுக்கும் விழுந்தது. வெளியே வந்ததும் ஒரு கவுன்ட்டரில் வேனுக்கு ஆயிரம் பாத் கட்டினோம். பாதி வழியில் வண்டி சடாரென்று ஓர் ஆபீஸ் முன்னால் நின்றது. உள்ளேயிருந்து சிரித்த முகத்தோடு ஓர் அக்கா வந்து, ''எந்த ஹோட்டல்? நாளைக்கு என்ன பிளான்? தீவு டூர் வேணுமா?'' என்று ஆரம்பித்தார். இருபது நிமிஷம்! 'வேண்டாம்' என்று நாலு தடவை சொன்னபிறகுதான் வண்டி நகர்ந்தது. புக்கெட் ஏர்போர்ட் வேன்களில் இது ரொம்ப நாளாக நடக்கிற சங்கதியாம். டிக்கெட் காசு போக, நம்மை டூர் ஆபீஸ் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவதற்கும் ஒரு வரும்படி!

இத்தனைக்கும் அதே ஏர்போர்ட்டில், கொஞ்சம் தள்ளி, மீட்டர் டாக்ஸி ஸ்டாண்ட் இருக்கிறது. மீட்டர் காசோடு ஏர்போர்ட் கட்டணம் 100 பாத். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

முந்நூறு மீட்டர் நடை

சரி, பத்தோங் ராத்திரிக்கு வருவோம். தம்பி மொபைலில் டாக்ஸி ஆப்பைத் திறந்தான். போர்டு ரேட்டில் பாதி காட்டியது. 'அடிச்சோம்டா ஜாக்பாட்' என்று புக் பண்ணினால், டிரைவரிடமிருந்து மெசேஜ். 'டுக்டுக் ஸ்டாண்ட் பக்கம் வரமாட்டேன். நேராக நடந்து வந்து, கடைக்கு முன்னால் நில்லுங்கள்.'

நடந்தோம். முந்நூறு மீட்டர் இருக்கும். அப்பத்தா ரெண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்தார். வண்டியில் ஏறியதும் டிரைவர் முதலில் பார்த்தது எங்களை இல்லை, பின்னால் வருகிற வண்டியை. சட்டப்படி ஓட்டுகிற ஒருத்தர், திருடனைப் போல எங்களை ஏற்றிக்கொண்டு போனார்.

ரோடு யாருடையது என்ற கேள்வி எனக்கு அங்கேதான் வந்தது.

க்யூ ரகசியம்

அதற்குப் பதில் சொன்னது, மறுநாள் ஹோட்டல் வாசலில் நாங்கள் எடுத்த டாக்ஸியின் டிரைவர். வயசு ஐம்பதுக்கு மேல். புக்கெட்டிலேயே பிறந்தவர். அப்பா வெள்ளீயச் சுரங்கத்தில் வேலை பார்த்தவராம். ஆமாம், இந்தத் தீவு ஒரு காலத்தில் வெள்ளீயத்துக்கும் ரப்பருக்கும்தான் பேர்போனது. டூரிஸ்டுகள் அப்புறம் வந்தவர்கள். சுரங்கங்கள் மூட, பீச் ஓர நிலங்கள் ஹோட்டல்களாக, பல உள்ளூர்க்காரர்களுக்குக் கையில் மிஞ்சியது ஒரு ஸ்டீயரிங்.

அவர் அரைகுறை இங்கிலீஷில் விளக்கியது இதுதான். ஒவ்வொரு ஹோட்டல் வாசலுக்கும், ஒவ்வொரு தெருமுனைக்கும் ஒரு 'க்யூ' உண்டு. அதில் இடம் கிடைக்க ஆள் தெரியவேண்டும், சில இடங்களில் காசும் கட்டவேண்டும். ஒரு க்யூவின் எல்லைக்குள் இன்னொரு க்யூ வண்டி ஆள் ஏற்றக் கூடாது. ஏற்றினால் சண்டைதான்.

''அப்போ எங்களை டவுன்ல இறக்கிட்டு?''

''காலியாதான் திரும்பி வருவேன்.''

''ஒரு நாளைக்கு எத்தனை சவாரி?''

''ரெண்டு. நல்ல நாள்ல மூணு.''

மீதி நேரம்? ஸ்டாண்டில் உட்கார்ந்து, பலகையில் கட்டம் போட்டு, சோடா மூடிகளைக் காயாக வைத்து விளையாட்டு! தாய்லாந்தில் எந்த டாக்ஸி ஸ்டாண்டிலும் இதைப் பார்க்கலாம்.

கொஞ்சம் கணக்கு, ப்ளீஸ்!

இன்ஜினீயரிங் படிக்கிற புத்தி சும்மா இருக்குமா? ஹோட்டல் டிஷ்யூ பேப்பரில் கணக்குப் போட்டேன். சும்மா ஓர் உதாரணத்துக்கு, வண்டித் தவணை, வீட்டுச் செலவு எல்லாம் சேர்த்து ஒரு டிரைவருக்கு ஒரு நாளைக்கு 1,200 பாத் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலைத் தனியாக விடுவோம். மூணு சவாரிதான் என்றால், ஒரு சவாரிக்கு 400 வாங்கியே ஆகவேண்டும். பன்னிரண்டு சவாரி கிடைத்தால்? 100 போதும்!

இப்போ வில்லங்கத்தைப் பாருங்க. 400 என்றால் ஜனங்கள் ஏற மாட்டார்கள். ஏறாவிட்டால் சவாரி குறையும். குறைந்தால் ரேட் ஏறும். ரேட் ஏறினால் இன்னும் சவாரி குறையும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் நாம் அரியர் வைக்கிற அதே 'பாசிட்டிவ் ஃபீட்பேக்'! தானாக நிற்காது. வெளியிலிருந்து யாராவது உடைக்கவேண்டும்.

இதில் இழப்பு காசு மட்டும் இல்லை. டாக்ஸிக்குப் பயந்து டூரிஸ்டுகள் ஸ்கூட்டரை வாடகைக்கு எடுக்கிறார்கள். லைசென்ஸ் இருக்கிறதோ இல்லையோ, ஹெல்மெட் போட்டோ போடாமலோ கிளம்பிவிடுகிறார்கள். பத்தோங்குக்குப் போகிற மலை ரோடு செங்குத்தான வளைவுகளோடு இருக்கும். விபத்துகளுக்குப் பேர்போன இடம். ''அண்ணா, ஸ்கூட்டர் எடுத்துடலாமா?'' என்று தம்பியும் கேட்டான். சித்தி முறைத்த முறைப்பில் அந்தப் பேச்சு அங்கேயே அவுட். எல்லோர் கூடவும் ஒரு சித்தி இருக்கமாட்டாரே!

ஆர்மியே வந்தது!

அரசாங்கம் ஒன்றும் பண்ணவில்லையா? பண்ணியது. டூரிஸ்டுகளின் புகார்கள் தாங்காமல், 2013-ல் ஐரோப்பிய நாடுகளின் தூதர்கள் கூட்டமாக புக்கெட்டுக்கே வந்து அதிகாரிகளிடம் முறையிட்டார்கள். டி.எஸ்.ஐ. என்கிற சிறப்புப் புலனாய்வுத் துறையும் இந்த 'டாக்ஸி மாஃபியா' விவகாரத்தைக் கையில் எடுத்தது. ஆனால், ஒவ்வொரு தடவை கையை வைக்கும்போதும் டிரைவர்கள் ரோட்டை மறித்தார்கள். டூரிஸ்டுகளை நம்பியே வாழ்கிற தீவில் ரோட்டை அடைத்தால் என்ன ஆகும்? பேச்சுவார்த்தை, சமாதானம், பழைய ரேட்!

2014 மே மாதம் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்த மாதமே போலீஸும் ராணுவமும் சேர்ந்து புக்கெட்டில் இறங்கின. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மீது நடவடிக்கை. பொது இடத்தை வளைத்துப் போட்டிருந்த ஸ்டாண்டுகள் காலி. வெள்ளை நம்பர் பிளேட்டோடு திருட்டுத்தனமாக ஓடிய சொந்தக் கார்களை, முறையாகப் பதிவு பண்ணிப் பச்சை பிளேட்டுக்கு மாற்றினார்கள். ஸ்டாண்டுகளில் ரேட் போர்டு வந்தது.

அட, சூப்பர்! என்று கை தட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம். போர்டில் எழுதியது என்ன ரேட்? பத்தோங்கில் இந்தத் தெருவிலிருந்து அந்தத் தெருவுக்கே 200 பாத் கேட்கிற ஊர். தலைநகர் பாங்காக்கில் 1992-லேயே மீட்டர் வந்துவிட்டது. முதல் கிலோமீட்டருக்கு 35 பாத் என்று பல வருஷம் ஓடியது. டூரிஸ்ட் ஏரியாக்களில் மீட்டர் போட மறுக்கிற டிரைவர்கள் அங்கேயும் உண்டு. ஆனால், அங்கே மறுத்தால் அடுத்த வண்டியைக் கை காட்டலாம். புக்கெட்டில் அடுத்த வண்டியும் அதே க்யூ!

ஆள்களைப் பிடித்தார்கள். வண்டிகளைப் பதிவு பண்ணினார்கள். ஆனால் 'இந்த இடம் எங்களுடையது' என்கிற அந்தக் க்யூவை உடைக்கவில்லை. லைசென்ஸ் இல்லாத அதிக ரேட், லைசென்ஸ் உள்ள அதிக ரேட் ஆனது. அவ்வளவுதான்!

நிஜமாக அசைத்தது எது?

ரெண்டு விஷயங்கள். ஒன்று, பஸ். புக்கெட்டில் நீல கலர் 'சொங்தேவ்' பஸ்கள் ரொம்ப காலமாக உண்டு. ஆனால், டவுனிலிருந்து ஒவ்வொரு பீச்சுக்கும் போகும், திரும்பும். ஒரு பீச்சிலிருந்து அடுத்த பீச்சுக்குப் போகாது. சாயங்காலத்தோடு கடையைக் கட்டிவிடும். டூரிஸ்ட் வெளியே கிளம்புவதே அப்போதுதானே! 2018-ல் 'ஸ்மார்ட் பஸ்' வந்தது. ஏர்போர்ட்டில் ஆரம்பித்து பத்தோங், கரோன், கத்தா என்று பீச் ஓரமாகவே தெற்கே ரவாய் வரை போகிறது. நாங்கள் போனபோது தலைக்கு 100 பாத்.

இன்னொன்று, ஆப். 2021-ல் தாய்லாந்து அரசு சட்ட விதி போட்டு, சொந்தக் கார்களையும் ஆப் மூலம் டாக்ஸியாக ஓட்ட அனுமதித்தது. டிரைவருக்கு முறையான லைசென்ஸ், வண்டிக்குப் பதிவு, ஆப்புக்கு அரசு அங்கீகாரம், மூணும் வேண்டும். ஏறுவதற்கு முன்பே ரேட் தெரிவது பெரிய விஷயம். ஆனால், சட்டம் வந்தபிறகும் அந்த டிரைவர் ஏன் எங்களை முந்நூறு மீட்டர் நடக்கவைத்தார்? சட்டம் பாங்காக்கில் இருக்கிறது, ஸ்டாண்ட் தெருமுனையில் இருக்கிறது!

என்ன பண்ணலாம்?

இருபது வயசுப் பையன் தாய்லாந்துக்கு அட்வைஸா என்று சிரிக்காதீர்கள். என் டிஷ்யூ பேப்பர் சொல்வது இதுதான்.

முதலில், இறக்கிவிட்ட இடத்திலேயே ஆள் ஏற்ற எல்லா வண்டிகளையும் விடவேண்டும். காலியாகத் திரும்புவது நின்றாலே சவாரி கூடும், ரேட்டைக் குறைக்க வழி பிறக்கும். ரெண்டாவது, பீச் பஸ்கள் இன்னும் அடிக்கடி, ராத்திரி லேட்டாகவும் ஓடவேண்டும். மூணாவது, ஸ்டாண்டில் யார் நிற்கலாம் என்பதை ஸ்டாண்டுக்காரர்கள் முடிவு பண்ணக் கூடாது. ரோடு பொதுச்சொத்து. நாலாவது முக்கியம். அந்த ஐம்பது வயசு டிரைவரை நடுத்தெருவில் விட்டுவிட்டு எந்தச் சீர்திருத்தமும் நிற்காது. அவரும் ஆப்பில் சேர, மீட்டருக்கு மாற உதவி வேண்டும். இல்லையென்றால் மறுபடி ரோடு மறியல்தான்.

நீங்கள் போகிறீர்களா? ஏறுவதற்கு முன்னால் ரேட்டைப் பேசிவிடுங்கள். வண்டி நம்பரை போட்டோ எடுங்கள். டூரிஸ்ட் போலீஸ் நம்பர் 1155. டாக்ஸிப் புகாருக்கு, போக்குவரத்துத் துறையின் 1584.

கடைசி நாள். ஏர்போர்ட்டுக்குத் திரும்ப, கரோன் பஸ் ஸ்டாப்பில் நின்று ஸ்மார்ட் பஸ் ஏறினோம். அஞ்சு பேருக்கு 500 பாத். ஜன்னலோரம் கடல் கூடவே வந்தது. பத்தோங் ஸ்டாண்டைத் தாண்டும்போது, பலகைக்கு ரெண்டு பக்கமும் டிரைவர்கள் உட்கார்ந்து சோடா மூடியை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். பின்னால் பளபளப்பான டுக்டுக்குகள், எல்லாமே காலி.

அப்பத்தா முட்டியை நீவிக்கொண்டே கேட்டார்... ''ஏங் கண்ணு, இத்தனை சொகமான பஸ் இருக்குதே, மொத நாளே இதுல கூட்டிட்டு வந்திருக்கலாமில்ல?''

வந்திருக்கலாம்தான் அப்பத்தா. ஆனா, ஏர்போர்ட் வாசல்ல வேன் கவுன்ட்டர் எங்க கண்ணுல பட்டுச்சு. பஸ் ஸ்டாப் படலையே!