பரமாணுவுக்குப் பக்கங்கள் உண்டா?

காலை வெயில் சன்னல் வழியாக வீட்டுக்குள் சாய்ந்து விழும்போது அந்த ஒளிக்கற்றையைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள். பொடிப்பொடியான தூசுகள் மேலும் கீழுமாக மிதந்து திரிவது தெரியும். வெயில் நகர்ந்ததும் அவை மறைந்துவிடும். தூசு எங்கும் போய்விடவில்லை. நம் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இந்தத் தூசைப் பார்த்துப் பழங்கால இந்தியாவில் ஒரு தத்துவப் பள்ளியினர் கணக்குப் போட்டார்கள். இந்து சமயத்தின் ஆறு தரிசனங்களுள் ஒன்றான வைசேடிகத்தைச் சேர்ந்தவர்கள் அவர்கள். அதைத் தொடங்கியவர் கணாதர் என்பது மரபு. கண்ணுக்குத் தெரிபவற்றுள் மிகச் சிறியது சன்னல் வெயிலில் மிதக்கும் இந்தத் தூசுதான் என்று அவர்கள் கொண்டார்கள். தூசு மூன்று உறுப்புகளால் ஆனது. ஒவ்வோர் உறுப்பும் இரண்டு பரமாணுக்களின் சேர்க்கை. ஆகவே ஒரு தூசில் இருப்பவை ஆறு பரமாணுக்கள்!

இன்றைய கணக்கு என்ன? ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அகலமுள்ள தூசு ஒன்றில் பல இலட்சம் கோடி அணுக்கள் இருக்கின்றன. ஆறு எங்கே, பல இலட்சம் கோடி எங்கே! ஆனால் இதைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எண்ணிக்கை தவறிப்போனாலும் அவர்கள் காட்டிய காரணம் கூர்மையானது.

ஒரு கடுகை இரண்டாக வெட்டுங்கள். ஒரு பாதியை மறுபடியும் இரண்டாக வெட்டுங்கள். இப்படி வெட்டிக்கொண்டே போனால் எங்காவது நின்றாக வேண்டுமா, வேண்டாமா? நிற்கவே வேண்டாம் என்றால் கடுகுக்கு எண்ணற்ற பகுதிகள் உண்டு. மேரு மலைக்கும் எண்ணற்ற பகுதிகள் உண்டு. இரண்டுக்கும் பகுதிகள் எண்ணற்றவை என்றால் கடுகும் மேருவும் ஏன் ஒரே அளவாக இல்லை? ஆகவே எங்கோ ஓரிடத்தில் வெட்டு நின்றுதான் ஆகவேண்டும். அங்கே மிஞ்சுவது, பகுதிகளே இல்லாத, அழிவும் இல்லாத பரமாணு. வைசேடிகரின் வாதம் இதுதான்.

தமிழிலும் இந்தப் பேச்சு இருந்தது. மணிமேகலை காப்பியத்தில் பல சமயத்தாரும் தங்கள் கொள்கையை எடுத்துச் சொல்லும் காதை ஒன்று உண்டு. அங்கே ஆசீவக சமயத்தவர் ஒருவர் நிலம், நீர், தீ, காற்று, உயிர் என்று ஐந்து வகை அணுக்களைப் பற்றி விரிவாகப் பேசுகிறார். உங்கள் பாடநூலில் உள்ள ‘அணு’ என்ற சொல் அவ்வளவு பழையது.

ஒட்டுமா, ஒட்டாதா?

பரமாணு என்றதும் எல்லாரும் தலையாட்டிவிடவில்லை. எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. வேத மரபுக்கு உள்ளிருந்தே வந்தது. அத்வைத ஆசிரியரான ஆதிசங்கரர், பிரம்ம சூத்திரத்துக்கு எழுதிய உரையில் பரமாணுக் கொள்கையை விடாமல் தாக்குகிறார். அவர் எழுப்பும் கேள்விகளுள் ஒன்றை நம் மொழியில் சொல்கிறேன்.

பகுதியே இல்லாத இரண்டு பரமாணுக்கள் ஒன்றோடொன்று சேர்கின்றன. எப்படிச் சேரும்? முழுமையாக ஒட்டினால் ஒன்றின்மேல் ஒன்று படிந்து ஒரே இடத்தில் அடங்கிவிடும், அளவு கூடாது. ஒரு பக்கம் மட்டும் ஒட்டினாலோ, ஒட்டிய பக்கம், ஒட்டாத பக்கம் என்று இரண்டு பக்கங்கள் வந்துவிடும். பக்கங்கள் இருந்தால் பகுதிகளும் இருக்கும். பகுதிகள் இருந்தால் அது பரமாணு அன்று!

பௌத்த அறிஞர் வசுபந்துவும் இதே போன்ற கேள்வியைக் கேட்டிருக்கிறார். ஒரு பரமாணுவைச் சுற்றி மேல், கீழ், நாற்புறம் என்று ஆறு பரமாணுக்கள் வந்து சேர்ந்தால் நடுவிலுள்ளதற்கு ஆறு பக்கங்கள் இருக்கவேண்டுமே என்றார்.

நீங்கள் வடிவகணிதத்தில் படித்த புள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். புள்ளிக்கு நீளமில்லை, அகலமில்லை. இரண்டு புள்ளிகளை ஒட்டவைத்து ஒரு மில்லிமீட்டர் நீளத்தை உண்டாக்க முடியுமா? ஆயிரம் புள்ளிகளை ஒட்டினால்? சங்கரரின் கேள்வியும் ஏறக்குறைய அதுதான்.

வைசேடிகர் சளைக்கவில்லை. தூசின் அளவு பரமாணுவின் அளவைக் கூட்டி வந்ததன்று, எண்ணிக்கையிலிருந்து பிறப்பது என்றார்கள். கேட்டால் மழுப்பல்போலத் தோன்றும். ஆனால் இந்தச் சண்டையை நான் மிகவும் மதிக்கிறேன். நம் முன்னோர் எல்லாரும் ஒரே குரலில் ஒரே உண்மையைச் சொன்னார்கள் என்று கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறோம். அவர்களோ இப்படி ஒருவரையொருவர் விடாமல் மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

வாதத்தால் இந்த வழக்கு தீரவில்லை. பொருளின் உள்ளே எட்டிப் பார்க்கும் வழி கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1909இல் மான்செஸ்டர் நகரில் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் கைகரும் மார்ஸ்டனும் மெல்லிய பொன் தகட்டின்மேல் ஆல்ஃபா துகள்களை ஏவினார்கள். பெரும்பாலானவை ஊடுருவிச் சென்றன. மிகச் சில மட்டும் வந்த வழியே திரும்பின! அணுவின் நடுவில் மிகச் சிறிய கரு ஒன்று இருப்பதாக 1911இல் ரூதர்ஃபோர்டு முடிவு கட்டினார். 1960களின் இறுதியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில், மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள முடுக்கியிலிருந்து எலெக்ட்ரான்களைப் புரோட்டான்கள்மீது மோதவிட்டார்கள். புரோட்டானுக்குள்ளும் மணிமணியாக ஏதோ இருப்பது தெரிந்தது. அவைதாம் குவார்க்குகள். மர்ரே கெல்மானும் ஜார்ஜ் ஸ்வைக்கும் 1964இலேயே, தனித்தனியாக, அப்படிச் சிலவற்றைக் கணக்கில் ஊகித்திருந்தார்கள்.

வெட்டு அங்கே நின்றுவிட்டதா? இன்றுவரை கண்டது இதுதான்: எலெக்ட்ரானையும் குவார்க்கையும் புரோட்டானின் அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் நுணுக்கமாகச் சோதித்தும் அவற்றுக்குள் பகுதி எதுவும் தென்படவில்லை. எனவே இன்றைய கோட்பாடு எலெக்ட்ரானைப் பகுதியற்ற ஒரு புள்ளியாகவே கணக்கில் கொள்கிறது.

பார்த்தீர்களா, சங்கரரின் கேள்வி மறுபடியும் வாசலில் வந்து நிற்கிறது. அளவே இல்லாத எலெக்ட்ரான்கள் சேர்ந்து எப்படிக் கருங்கல் ஆயின?

விடை இரண்டு படிகளில் கிடைத்தது. முதற்படி, ஹைசன்பர்க் 1927இல் கூறிய நிச்சயமின்மை விதி. ஓர் எலெக்ட்ரானை எவ்வளவு சிறிய இடத்தில் அடைக்கிறோமோ, அவ்வளவு வேகம் அதற்கு ஏறிவிடும். புரோட்டானோ தன் மின்னூட்டத்தால் அதை உள்ளே இழுக்கிறது. இழுப்பும் திமிறலும் சமப்படும் இடத்தில் ஹைட்ரஜன் அணுவின் அளவு அமைகிறது. ஒரு மில்லிமீட்டரைக் கோடிக் கூறாக்கினால் வரும் ஒரு கூறு, அந்த அளவு! இது எலெக்ட்ரானின் அளவும் அன்று, புரோட்டானின் அளவும் அன்று. இரண்டுக்கும் இடையிலுள்ள உறவின் அளவு.

இரண்டாம் படி, பௌலி 1925இல் கூறிய விலக்கு விதி. இரண்டு எலெக்ட்ரான்கள் முற்றிலும் ஒரே நிலையில் இருக்க முடியாது. ஆகவே புதிதாக வரும் எலெக்ட்ரான் வேறு நிலைக்குப் போக வேண்டும், இடம் விரிகிறது. இந்த விதி இருப்பதால்தான் கல்லும் மண்ணும் தம்முள் ஒடுங்கிவிடாமல் நிற்கின்றன என்று டைசனும் லெனார்டும் 1967இல் கணித முறையில் நிறுவினார்கள். நீங்கள் மேசைமேல் கை வைக்கும்போதும், சிறு உருண்டைகள் பக்கத்தோடு பக்கம் ஒட்டுவதில்லை. கை உள்ளே போகாமல் தடுப்பதில் மின்விசைக்கும் இந்த விலக்கு விதிக்கும் பெரும் பங்கு உண்டு.

அப்படியானால் வென்றது யார்? உருண்டைகள் ஒட்டி உலகம் உண்டாகாது என்ற அளவில் சங்கரர் சரி. அளவு அளவிலிருந்துதான் பிறக்க வேண்டும் என்பதில்லை என்ற அளவில் வைசேடிகர் சரி. ஆனால் நிச்சயமின்மை விதியையும் விலக்கு விதியையும் இருவருமே கனவிலும் நினைத்திருக்க முடியாது. அவை நிறமாலைக் கோடுகளை அளந்து அளந்து, கணக்கோடு பொருத்திப் பார்த்ததில் வந்தவை.

மாயை என்பது இதுவா?

பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் நடுவராக உட்கார்ந்தபோது ஒரு வாக்கியத்தைப் பலமுறை கேட்டிருக்கிறேன்: “காண்பதெல்லாம் மாயை என்று இன்றைய விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டது!” கைதட்டலும் பலமாக விழும். ஆதாரமாக அவர்கள் காட்டக்கூடிய செய்தி ஒன்றும் உண்மையில் இருக்கிறது. ஒரு புரோட்டானுக்குள் அடிப்படையாகச் சொல்லப்படும் மூன்று குவார்க்குகளின் நிறைகளைக் கூட்டினால் புரோட்டானின் நிறையில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான் வருகிறது. மற்றதெல்லாம் குவார்க்குகளின் இயக்கத்திலும், அவற்றைப் பிணைக்கும் புலத்திலும் உள்ள ஆற்றல். ஆற்றலும் நிறையே என்பது ஐன்ஸ்டைன் 1905இல் கண்ட உண்மை.

இது மாயையா? தராசில் ஏறி நின்று பாருங்கள். முள் காட்டும் எடையில் பெரும்பகுதி அந்த ஆற்றலின் எடைதான்! எடைபோடக் கூடிய ஒன்றைப் பொய்த்தோற்றம் என்று விஞ்ஞானம் சொல்லவில்லை.

சங்கரரும் இதைச் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. மங்கிய வெளிச்சத்தில் கயிறு பாம்பாகத் தெரிவதை அவர் உவமையாகக் காட்டுவார். அவர் நோக்கில் கல், குவார்க்கு, ஆற்றல், வெற்றிடம் எல்லாமே காணப்படும் உலகத்தின் பக்கம் நிற்பவை. கல்லைப் பொடித்துக் குவார்க்கைக் கண்டுவிட்டதால் பிரம்மத்துக்கு ஓரடி நெருங்கிவிட்டோம் என்று அவர் ஒப்பியிருக்க மாட்டார். பிரம்மம் கருவியால் அளக்கத்தக்க பொருளே அன்று என்பது அவருடைய கொள்கை. அந்தக் கொள்கையை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். முடுக்கியைக் காட்டி அதை மெய்ப்பிக்கவும் முடியாது, பொய்ப்பிக்கவும் முடியாது.

ஜெனீவாவுக்கு அருகிலுள்ள ஐரோப்பிய அணுக்கரு ஆய்வு நிலையத்தில் இரண்டு மீட்டர் உயர நடராசர் சிலை ஒன்று நிற்கிறது. இந்திய அரசு 2004இல் அளித்த பரிசு அது. துகள்களின் இடைவிடாத ஆக்கத்தையும் அழிவையும் கூத்தோடு ஒப்பிட்டது அழகான உவமைதான். உவமையை உவமையாகவே வைத்துக்கொள்வோம். ஷ்ரோடிங்கர் உபநிடதங்களை விரும்பிப் படித்தவர், அவற்றைப் பற்றி எழுதியும் இருக்கிறார். ஆனால் 1926இல் அவர் தந்த சமன்பாட்டை உலகம் ஏற்றது, அது ஹைட்ரஜனின் நிறமாலையோடு பொருந்தியதால்தான்.

கோலாரின் ஆழத்தில்

பழைய நூல்களில் சோதனையே கிடையாதா என்று கேட்பீர்கள். சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாம் அத்தியாயத்தில் ஒன்று இருக்கிறது. மனம் உணவால் ஆனது என்கிறார் உத்தாலகர். மகன் சுவேதகேதுவைப் பதினைந்து நாள் தண்ணீர் மட்டும் குடித்துப் பட்டினி கிடக்கச் சொல்கிறார். பிறகு வேதத்தைச் சொல் என்றால் பிள்ளைக்கு ஒன்றும் நினைவில்லை! சாப்பிட்டு வந்ததும் எல்லாம் நினைவுக்கு வருகின்றன. (நீங்கள் இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.) ஒப்பிட்டுப் பார்க்கச் சாப்பிட்ட மாணவன் ஒருவனையும் பக்கத்தில் உட்கார வைத்திருந்தால் சோதனை இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

வைசேடிகரின் ஒரு கூற்றையும் இதுபோலச் சோதனைக்கு இழுக்கலாம். பரமாணு அழிவற்றது என்றார்களல்லவா? நம் உடலும் உலகமும் நிலைத்திருப்பது புரோட்டான் அழியாமல் இருப்பதைப் பொறுத்தது. 1974இல் ஜார்ஜியும் கிளாஷோவும் தந்த ஒரு கோட்பாட்டின்படி புரோட்டானும் ஒரு நாள் சிதையும். ஆனால் அதற்கு ஆகும் காலம் பிரபஞ்சத்தின் வயதான 1380 கோடி ஆண்டுகளைவிட மிக மிகப் பெரியது.

அவ்வளவு காலம் யார் காத்திருப்பது? ஒரு புரோட்டானை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். ஏராளமான புரோட்டான்களைக் குவித்துவைத்து, அவற்றில் ஒன்றாவது சிதைகிறதா என்று சில ஆண்டுகள் கவனித்தால் போதும். இதற்கென்று 1980களில் கோலார் தங்கச் சுரங்கத்தில், தரைக்குக் கீழே 2300 மீட்டர் ஆழத்தில், 140 டன் இரும்பை அடுக்கி இடையிடையே உணர்குழாய்களை வைத்து நம் நாட்டு விஞ்ஞானிகளும் ஜப்பானிய விஞ்ஞானிகளும் காத்திருந்தார்கள். அவ்வளவு ஆழம் எதற்கு? விண்ணிலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்களை மேலுள்ள பாறை வடிகட்டிவிடும். இதே சுரங்கத்தில்தான் 1965இல், வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் தடம் கிடைத்தது. தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கி வெட்டிய சுரங்கம் அது.

புரோட்டான் சிதைவாக இருக்கலாம் என்று சில நிகழ்ச்சிகளைக் கோலார்க் குழுவினர் அறிவித்தார்கள். பரபரப்பு எழுந்தது. ஆனால் பிற நாடுகளில் அமைந்த பெரிய கருவிகளில் அவை தென்படவில்லை. ஆகவே அவை ஏற்கப்படவில்லை. அந்த விஞ்ஞானிகளுக்கு இதில் இழுக்கு ஒன்றுமில்லை. தங்கள் கூற்று தவறலாம் என்று தெரிந்தே, பிறர் சோதிக்கும்படி அதை வெளியிட்டார்கள்.

ஜப்பானில் காமியோகா என்ற இடத்தில், மலைக்கு அடியில் 50,000 டன் தூய நீர் நிரம்பிய தொட்டி 1996இல் வேலையைத் தொடங்கியது. அந்த நீரில் உள்ள புரோட்டான்கள் எத்தனை தெரியுமா? 1 எழுதி, அதன்பின் 34 சுழியங்கள் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கும் சற்று மேலேயே! தொட்டியின் சுவர் முழுவதும் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட ஒளிக்கண்கள் இருட்டைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஒரு புரோட்டான் சிதைந்தால் மின்னல்கீற்றுப்போல ஒளி தெறிக்கும். இத்தனை ஆண்டுகளில் சிதைவு என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஒரு கீற்றுகூடக் கிடைக்கவில்லை. அதே வட்டாரத்தில் 2,60,000 டன் நீர் கொள்ளும் புதிய தொட்டிக்கான வேலை 2020இல் தொடங்கியது. அதன் முதல் முடிவுகள் வரும்போது உங்களில் பலர் கல்லூரியில் இருப்பீர்கள்.