திரும்பி வரும் வழி

கடந்த எட்டு மாதங்களாக எங்கள் வீட்டு முன்னறைச் சுவரை ஓர் உலகப் படம் அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதன் மேல் ஒரு சிவப்பு நூல். பண்டாரவளையிற் புறப்பட்டுக் கிழக்கே செல்லும் அந்நூல், பசிபிக் சமுத்திரத்தில் படத்தின் ஓரம் வரை போய் முடிந்து, மறு ஓரத்தில் மீண்டும் தொடங்கி, மேற்கிந்தியத் தீவுகள், இலண்டன், மொரீசியஸ், டர்பன், நீலகிரி என்று தொட்டுக்கொண்டு பண்டாரவளைக்கே வந்து சேர்கிறது. மலைநாட்டுப் பாடசாலைகளில் பூகோளம் கற்பித்து, அறுபதாவது வயதில் ஓய்வு பெற்றவன் நான். படத்தைக் கண்ட பழைய மாணவர் ஒருவர், "சேர், பூமி உருண்டை என்று எங்களுக்குச் சொன்னீங்களே, இப்பதான் சரிபார்க்கப் போறீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்.

சுற்றி வருதல் என்பதை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விளக்க உலகப் படம் தேவைப்பட்டதில்லை. பதுளைப் பாதையில், எல்லவுக்கு அப்பால் தெமோதரை இருக்கிறது. அங்கே இருப்புப்பாதை, நிலையத்தைக் கடந்து, குன்றை ஒரு முறை வளைய வந்து, அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்துள் நுழைகிறது. தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்த கங்காணி ஒருவரைப் பார்த்தே இந்த யோசனை பிறந்தது என்றொரு கதையும் எங்களிடையே வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, பாடத்துக்கு அது உதவிற்று. சுற்றுகிறவன் தொடங்கிய இடத்தை மறுபடியும் காண வேண்டும். காணாவிட்டால் அதற்குப் பெயர் சுற்றுதல் அன்று என்று சொல்லிக் கொடுத்தேன்.

உலகம் சுற்றும் ஆசை எனக்கு என் தந்தையாரிடமிருந்து வந்தது. அவர் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் பெட்டி அடிப்பவர். தகரத் தகட்டில் வெட்டிய எழுத்துகளின் மேல் கறுப்பு மையைத் தடவித் தோட்டத்தின் பெயரையும், தூளின் தரத்தையும், நிறையையும் பலகைப் பெட்டிகளில் பதிப்பது அவர் வேலை. அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களைத் தோமஸ் லிப்டன் 1890இல் வாங்கிய காலந்தொட்டு, இம்மலைத் தேயிலை உலகின் துறைமுகமெல்லாம் கண்டுவிட்டது. "இந்தப் பெட்டி போற எடத்துக்கெல்லாம் ஒருக்கா போய்ப் பாக்கணும் தம்பி" என்று தந்தையார் சொல்வார். அவர் தம் வாழ்நாளிற் சென்ற மிகத் தொலைவான ஊர் கொழும்பு. அதுவும் மனுவொன்றின் பொருட்டு ஒரே ஒரு முறை.

எங்கள் லயங்களில் 'பாஸ்போட்' என்னும் சொல்லுக்கு வேறொரு பொருள் இருந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை எந்நாட்டுக்கும் உரியரல்லாதோர் ஆக்கிற்று. 1964 ஒக்ரோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அம்மக்களைக் கணக்கிட்டுப் பங்கிட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இந்தியாவுக்கு என எழுதப்பட்டவர்களுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. "அவுகளுக்குப் பாஸ்போட் வந்திருச்சு" என்று அடுத்த லயத்தில் ஒருவர் சொன்னால், அக்குடும்பம் ஆட்டையும் அண்டாவையும் விற்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். உலகமெங்கும் மனிதர் போய்வருவதற்காக வைத்திருக்கும் தாள், எங்கள் மலைகளில் திரும்பி வராமைக்குரிய தாளாயிற்று.

1975இல் எனக்குப் பன்னிரண்டு வயது. என் வகுப்பில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த தோழனின் குடும்பம் பண்டாரவளை நிலையத்திலிருந்து புறப்பட்டது. தலைமன்னார் வரை கோச்சி. அங்கிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல். அந்த வண்டிகளை எங்கள் மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றே அழைத்தனர். மேடையில் நின்ற முதியோரும், பெட்டிக்குள் இருந்த முதியோரும் சன்னலின் ஊடே கைகளைப் பற்றிக்கொண்டு கதறினார்கள். எங்கள் இருவருக்கும் மட்டும் அழுகை வரவில்லை. அவன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டி, "பாஸ்போட் இருக்குடா, பொங்கலுக்கு வந்துருவேன்" என்றான். கடவுச்சீட்டு என்பது பிரயாணத்துக்கு உரியது என்று பாடப்புத்தகத்திற் படித்திருந்தோம், நானும் நம்பினேன். நான்கு ஆண்டுகளுக்குப் பின் கோத்தகிரியிலிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. அங்கும் தேயிலைதான் என்றும், குளிர் இங்கேயுள்ளது போலத்தான் என்றும் எழுதியிருந்தான்.

என் தந்தையார் இந்நாட்டிலேயே இருக்க விரும்பி மனுக் கொடுத்தவர். முடிவு வருமுன்னரே 1986இல் காலமானார். எவருக்கும் உரியரல்லாதவராகவே அவரை மண்ணில் இட்டோம். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1988ஆம் ஆண்டின் சட்டத்தால் எனக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. அதன் பின்னரே ஆசிரியர் நியமனமும் பெற்றேன். எங்களுள் விடுபட்டிருந்தவர்களுக்கு 2003இல் வந்த சட்டம் வழி திறந்தது. சென்ற ஆண்டு கடவுச்சீட்டுக்காக ஓர் அலுவலகத்தின் முன் நின்றபோது, "உங்கள் தகப்பனாரின் பிரஜாவுரிமைச் சான்றிதழ் எங்கே?" என்று மூன்று முறை கேட்டார்கள். மூன்றாம் முறை சற்று உரத்தே சொன்னேன்: "அவருக்கு நாடு கொடுக்கப்படவில்லை, எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது." பிறகு தாள் வந்தது.

இத்தாளின் அருமையை உணர்ந்த ஒரு பிரயாணியை மாணவர்களுக்கு நான் அடிக்கடி நினைவூட்டுவதுண்டு. நோர்வே நாட்டின் நான்சென், 1888இல் கிரீன்லாந்தின் பனிப்பரப்பைக் குறுக்கே கடந்தவர். பின்னர் வட துருவத்தை நாடிப் பல மாதங்கள் பனியில் வாழ்ந்தவர். முதல் மகாயுத்தத்துக்குப் பின், நாடிழந்த ரஷ்ய அகதிகள் எல்லைகளிற் செய்வதறியாது நின்றபோது, 1922இல் அவர்களுக்கென ஒரு பிரயாணப் பத்திரத்தை உண்டாக்கினார். 'நான்சென் கடவுச்சீட்டு' என்று அதற்குப் பெயர். தங்கு தடையின்றித் திரிந்த ஒருவருக்கே, திரிய முடியாதவரின் துயர் முதலில் விளங்கிற்று போலும்.

தாள் கிடைத்தது. எங்கே போவது? ஊர் பார்த்து வருவது மட்டும் நோக்கமானால் ஒன்பது மாதப் பிரயாணம் இரண்டாம் மாதமே சலித்துவிடும். இதில் எனக்கு வழிகாட்டி ஏ. கே. செட்டியார். 1937ஆம் ஆண்டு காந்தியடிகளின் பிறந்த நாளன்று, நியூயோர்க்கிலிருந்து டப்ளினுக்குச் சென்ற கப்பலில், அடிகளைப் பற்றி ஒரு செய்திப் படம் எடுக்கும் எண்ணம் அவருக்கு உதித்தது. சிதறிக் கிடந்த படச்சுருள்களைத் தேடி ஏறத்தாழ ஓர் இலட்சம் மைல் பிரயாணஞ் செய்து, 1940இல் அப்படத்தைத் திரையிட்டார். எதைத் தேடிப் போகிறோம் என்று நிச்சயித்துக்கொண்டால், எங்கெங்கே போகவேண்டும் என்பது தானே விளங்கிவிடும். இதுவே நான் அவரிடம் கற்றது.

நான் தேட நினைப்பது, எங்களைப் போலக் கப்பலேறித் தோட்டங்களுக்குப் போனவர்களின் கரைகளை. கங்காணியின் பின் சென்ற தமிழர் இலங்கைக்கு மட்டுமா வந்தனர்? மலாயாவுக்கும் சென்றனர். ஆகையால் சித்திரைப் புத்தாண்டு கழிந்ததும் முதலிற் பினாங்கு. மே 14ஆம் திகதி பீஜித் தீவில் இருக்க வேண்டும். 1879இல் அந்நாளிலேயே 'லியோனிடாஸ்' என்ற கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளை அங்கே கொண்டுவந்தது. கல்கத்தாவிலிருந்து தொடங்கிய அந்த ஏற்றுமதி 1903 முதல் சென்னையிலிருந்தும் நடந்தது. ஆங்குள்ள கரும்புத் தோட்டத்துப் பெண்களின் துயரைப் பாரதியார் பாடினார். மே 30இல் டிரினிடாட். 1845இல் 'பாத்தல் ரசாக்' வந்த நாள். அடுத்துக் குவாதலூப், புதுச்சேரி, காரைக்கால் வழிச் சென்றவர்களின் மரபினர் நம் மாரியம்மனை 'மாலியெமன்' என்று அங்கே வணங்குகின்றனர். பின்னர், என் மாணவர்கள் சிலர் குடியேறியுள்ள இலண்டனும் பாரிசும். நவம்பர் 2இல் மொரீசியஸ். 1834இல் முப்பத்தாறு பேருடன் 'அட்லஸ்' கரைசேர்ந்த நாள். நவம்பர் 16இல் டர்பன். 1860இல் சென்னையிலிருந்து 'துரூரோ' வந்தடைந்த நாள். அந்நாள்களை அங்குள்ளோர் இன்றும் நினைவுகூர்கின்றனர். நாள்களும் கரைகளும் கிழக்கு நோக்கிய என் பாதையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக அமைந்தது, நான் தேடாமலே கிடைத்த பேறு.

கிழக்கு நோக்கிச் செல்வதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பீஜியில் இரவு விமானம் ஏறினால், திகதிக் கோட்டைக் கடந்து, அதே நாள் நண்பகலை ஒட்டி அமெரிக்கக் கரையில் இறங்கலாம். முப்பத்து நான்கு ஆண்டுகள் கரும்பலகையில் வரைந்த கோடு அது. கண்ணுக்குத் தெரியாதென்று அறிவேன். எனினும் சன்னலோர ஆசனமே கேட்டிருக்கிறேன்.

ஏனைய ஏற்பாடுகளையும் சொல்கிறேன், இளைஞர்களுக்கு உதவும். நமது விமான சேவை 2014 முதல் அங்கம் வகிக்கும் சர்வதேசக் கூட்டமைப்பு, உலகைச் சுற்றும் பிரயாணச்சீட்டு ஒன்றை விற்கிறது. பதினாறு பறத்தல்கள் வரை இடமுண்டு. ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும். கடவுச்சீட்டு, பிரயாணம் முடிந்த பின்னும் ஆறு மாதங்களாவது செல்லுபடியாவது நன்று. டிரினிடாட் போன்ற இடங்களிலிருந்து வருவோரிடம் பல நாடுகள் மஞ்சட் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றைக் கேட்கும்; ஊசி போட்டுப் பத்து நாள்களின் பின்னரே அது செல்லும். ஷெங்கன் உடன்படிக்கையிலுள்ள ஐரோப்பிய நாடுகளில் 180 நாள்களுக்குள் 90 நாள்கள் மட்டுமே தங்கலாம். விசாக்களை எல்லாம் முன்கூட்டியே வாங்கி அடுக்கவும் இயலாது. முதலில் வாங்கியது, நாம் போய்ச் சேருமுன் காலாவதியாகிவிடும். பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது, என் சேமிப்பில் பாதி தூரம் கரைந்துபோயிற்று.

ஆனால் இந்த எட்டு மாதங்களில் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது பணமன்று. விசா விண்ணப்பங்களிலுள்ள ஒரு வினா. சொல் வேறுபட்டாலும், நாட்டுக்கு நாடு கேட்பது ஒன்றையே: நீர் உமது நாட்டுக்குத் திரும்பிச் செல்வீர் என்பதற்கு என்ன சான்று? வீட்டுறுதியைக் காட்டு, ஓய்வூதியப் பத்திரத்தைக் காட்டு, குடும்பத்தைக் காட்டு என்கிறார்கள். முதன்முறை அதை வாசித்தபோது எனக்குப் பண்டாரவளை நிலையத்து மேடை நினைவுக்கு வந்தது. திரும்பி வாரோம் என்ற உறுதியின் பேரில் கடவுச்சீட்டுப் பெற்றது என் தோழனின் குடும்பம். திரும்பி வருவேன் என்ற உறுதியின் பேரில் விசாப் பெறுகிறேன் நான். எங்கள் இருவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு திறமையிலும் இல்லை, உழைப்பிலும் இல்லை. எவரோ எழுதிய ஒரு கணக்கில் எங்கள் பெயர்கள் விழுந்த பக்கங்களில் இருக்கிறது. அந்த வினாவுக்குக் கீழே என் வீட்டு முகவரியை எழுதுகையில், இதனை எழுதும் உரிமைக்காக என் தந்தையார் கொழும்புக்குப் போனதை எண்ணி, பேனாவைச் சற்று நேரம் கீழே வைத்துவிட்டேன்.

நூலின் கடைசித் திருப்பம் நீலகிரி. தாயகம் திரும்பியோருக்கு வேலை தரவென்று தமிழ்நாட்டரசு அங்கே தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. 'டான்டீ' என்று வழங்கும் கழகம் அவற்றை நடத்தலாயிற்று. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழங் கடிதமொன்றே என் கையிலுள்ள முகவரி. டிசம்பர் மாதம் முழுவதையும் அதற்கென ஒதுக்கியிருக்கிறேன். தலைமன்னார்க் கப்பல் 1984இல் நின்று போயிற்று. ஆதலால் ஊர் திரும்புவது விமானத்தில்.

என் மனைவிக்கு இத்திட்டத்தில் ஆர்வம் உண்டு, அச்சமும் உண்டு. அவள் பக்கத்து உறவினர் பலர் அந்தக் கோச்சியிற் போனவர்கள். சென்ற வாரம் படத்தின் முன் நின்று, நூலின் மேல் விரலை வைத்துச் சுற்றி வந்தவள், பண்டாரவளையை அடைந்ததும், "பொங்கலுக்கு வந்துருவோம்ல?" என்று கேட்டாள்.

வந்துவிடுவோம் என்றேன். நாள்காட்டியில் அந்நாளைக் குறித்தும் வைத்திருக்கிறேன். கோத்தகிரியில் தோழன் அகப்பட்டானானால், அவனிடம் சொல்லவேண்டியதும் அதுவே: பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது.