விளம்பரப் பதாகையும் அதனைத் தாங்கும் ஸ்டாண்டும்

'பூக்கடைக்கு விளம்பரம் வேண்டாம்' என்பது நம்மவர் வழக்கு. பூவின் மணம் தெருக்கோடி வரை செல்லும். ஆதலால் அக்கூற்று பொருந்தும். ஆனால், காற்றுப் புகாத உறையில் அடைத்த ஏலக்காயின் மணம் வெளியே வருவதில்லை. மடித்து அடுக்கிய சேலையின் முந்தியும் எவர் கண்ணிலும் படுவதில்லை. ஆகவே போடிநாயக்கனூர் ஏலக்காயையும், ஆண்டிபட்டியை அடுத்த சக்கம்பட்டி, டி.சுப்புலாபுரம் தறிகளில் நெய்த நூல் சேலைகளையும் விற்க முன்வரும் சங்கங்களுக்கு, 'இன்ன பொருள் இங்கே கிடைக்கும்' என்று தொலைவிலேயே அறிவிக்கும் பதாகை இன்றியமையாதது. வீரபாண்டி கௌமாரியம்மன் கோவில் சித்திரைத் திருவிழாவைப் போன்ற பெருங்கூட்டத்தில், முகப்புத் தெரியாத கடையை மக்கள் அறியாமலே கடந்து விடுவர். சரக்குத் தேங்கினால் நட்டம் அங்கத்தினர்களையே சாரும்.

பதாகையில் என்ன எழுதுவது, எந்தப் படம் போடுவது என்பதில் நிர்வாகக் குழுவினர் காட்டும் அக்கறையை, அதனைத் தாங்கும் ஸ்டாண்டைத் தேர்வதில் காண்பது அரிது. பதாகையை ஆண்டுதோறும் மாற்றலாம். நல்ல ஸ்டாண்டோ பல ஆண்டுகள் உழைக்கவேண்டிய தளவாடம். ஆதலின், அது எந்த இடத்தில் நிற்கப் போகிறது என்பதையே முதலில் தீர்மானிக்க வேண்டும்.

இன்று கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் நான்கு வகை. முதலாவது, சுருள் ஸ்டாண்டு. அடிப்பெட்டிக்குள் சுருண்டிருக்கும் பதாகையை மேலே இழுத்துப் பின்புறக் கம்பியில் மாட்டினால் போதும். ஒருவரே பையில் எடுத்துச் செல்லலாம். ஆயினும் மண்ணும் தூசும் புகுந்தால் உள்ளிருக்கும் சுருள்வில் கெடும். இரண்டாவது, குறுக்காகப் பிணைத்த கம்பிகளில் பதாகையின் நான்கு மூலைகளையும் மாட்டும் எக்ஸ் ஸ்டாண்டு. இது விலை மலிவானது, எடையும் குறைவு. இவ்விரண்டும் மண்டபத்திற்கும் கடையின் உட்புறத்திற்கும் உரியவை. மூன்றாவது, அகன்ற அடிப்பாகமுடைய இரும்புச் சட்டம். நான்காவது, வளையும் கம்பத்தில் காற்றின் திசைக்கேற்பச் சுழலும் கொடி ஸ்டாண்டு. இதில் இரண்டொரு சொற்களுக்கே இடமுண்டு. திறந்த வெளிக்குப் பின்னிரண்டையே கருத வேண்டும்.

ஏன் இவ்வளவு வேறுபாடு எனில், காற்றே காரணம். மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்களினூடே ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் பகுதியில் வீசும் காற்றின் வலிமைக்கு, ஆண்டிபட்டி வட்டாரத்துக் காற்றாலைகளே சான்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பர், பதாகை எம்மாத்திரம்? 3 அடி அகலமும் 6 அடி உயரமும் உள்ள பதாகையின்மீது, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நேரே வீசும் காற்று ஏறத்தாழ 4 கிலோ எடைக்கு நிகரான விசையுடன் மோதும். வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். 40 கிலோமீட்டர் வேகத்தில் அது 15 கிலோவை எட்டும். அவ்விசை தரையிலிருந்து 3 அடி உயரத்தில் தாக்குவதால், நடுவிலிருந்து முன்னும் பின்னும் ஒவ்வோர் அடியே அகன்ற அடிப்பாகம் கவிழாதிருக்க 45 கிலோ பளு வேண்டும். அடிப்பாகத்தை இருபுறமும் இரண்டடியாக்கினால் அதிற் பாதிப் பளுவே போதும். ஒரு செங்கல்லை வைத்து மன அமைதி கொள்வது தகாது என்பது இக்கணக்கால் விளங்கும்.

இது பணத்தைப் பற்றிய கவலை மட்டுமன்று. 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில், அனுமதியின்றிச் சாலையில் வைத்த பதாகை மேலே விழுந்து, இருசக்கர வண்டியில் சென்ற இளம்பெண் ஒருவர் உயிரிழந்ததை நாடறியும். நம் சங்கத்தின் பெயர் தாங்கிய பொருளால் எவருக்கும் தீங்கு நேரலாகாது. சாலையோரத்திலும் நடைபாதையிலும் ஸ்டாண்டை நிறுத்தலாகாது. பொது இடமாயின், உள்ளாட்சி அமைப்பின் அனுமதியை முன்னரே எழுத்து மூலம் பெற வேண்டும். காற்று வலுத்தால் உடனே இறக்கி வைக்கும் பொறுப்பை ஓர் ஊழியரிடம் ஒப்படைக்க வேண்டும்.

அடுத்தது, எழுத்தின் அளவு. 10 அடித் தொலைவிலிருந்து எளிதிற் படிக்க ஓர் அங்குல உயரமுள்ள எழுத்து வேண்டும். 30 அடிக்கு மூன்று அங்குலம். தமிழெழுத்தில் மேற்சுழியும் கீழ்வளைவும் உண்டாதலால், வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விடல் நன்று. போடிமெட்டுப் பாதையில் 17 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலேறும் பயணிக்கு மூடுபனியிடையே நீண்ட வாசகம் எதுவும் தெரியாது. 'ஏலக்காய்' என்ற ஒரு சொல் தெரிந்தால் போதும். திருவிழாத் தேதி, தள்ளுபடி விகிதம் முதலியவற்றைத் தனித் துண்டில் எழுதிச் சேர்த்தால், பெரிய பதாகை மறு ஆண்டும் பயன்படும்.

நெசவாளர் சங்கம் பிளாஸ்டிக் பதாகையின் கீழ் அமர்ந்து கைத்தறியின் பெருமையைப் பேசுவது பொருந்துமா? கெட்டியான நம் துணியிலேயே பதாகை அமைத்தால் அதுவே சரக்கின் மாதிரியாகும். 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் தன் பட்டாம்பூச்சிச் சின்னத்தால் அறியப்படுவது போல, ஒவ்வொரு சங்கமும் ஒரே சின்னத்தை விடாது கையாள வேண்டும். 2006-இல் வந்த கைத்தறி முத்திரையைப் பதிவு பெற்ற சங்கங்களே பயன்படுத்தலாம். பதாகை வெயிலில் நிற்கலாம்; பச்சை ஏலக்காயும் சாயத் துணியும் நிழலில்தான் இருக்க வேண்டும். வெயில் பட்டால் இரண்டும் நிறம் மங்கும்.

வாங்குமுன் மூன்று விலைப்புள்ளிகள் பெற்று, கம்பியும் கொக்கியும் உடைந்தால் தனியே கிடைக்குமா என்று கேட்டறிக. தீர்மானம் நிறைவேற்றி வாங்கியபின் தளவாடப் பதிவேட்டில் பதிந்து, யார் பொறுப்பில் உள்ளது என்பதையும் குறித்து வைக்க. திருவிழாவிற்கு முன்பே சங்க வாசலில் ஒரு நாள் முழுதும் நிறுத்திப் பார்ப்பது நலம். மாலைக் காற்றில் அது அசையாது நின்றால், அங்கத்தினர் பணம் தக்க வழியில் செலவாயிற்று என்று கணக்கில் எழுதலாம்.