பழைய மின்சாரக் கார்: எந்தக் கீறலுக்கு என்ன விலை?

வசூலுக்கும் கொள்முதலுக்கும் தினமும் அலைகிற வியாபாரிக்கு மின்சாரக் கார் லாபமானதுதான். புதிது வாங்க முதல் போதாதவர்கள் பழையதை நாடுகிறார்கள். 2020 ஜனவரியில் வெளிவந்த டாடா நெக்ஸான் மின்சாரக் கார் போன்றவை இப்போது செகண்ட் ஹாண்டில் கிடைக்கின்றன.

பெட்ரோல் கார் வாங்குகிறவர் எஞ்சின் சத்தத்தைக் கேட்பார், புகையின் நிறத்தைப் பார்ப்பார். இதிலோ சத்தமும் இல்லை, புகையும் இல்லை. பேட்டரியின் நிலையைக் கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் கணினி மூலம் சோதித்தே அறிய வேண்டும், அதைத் தவிர்க்கலாகாது. ஆனால் அந்தச் செலவுக்குப் போகுமுன், மூட்டையில் குத்தூசி போட்டு மாதிரி பார்ப்பதுபோல, வண்டியின் மேனியைப் பார்த்தே பல விஷயங்களைத் தெரிந்து கொள்ளலாம்.

பெரும்பாலானோர் கதவுச் சொட்டையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அது பேரத்துக்கு உதவும், அவ்வளவே. பார்க்க வேண்டிய இடம் அடிப்பாகம். காரின் விலையில் பெரும்பங்கு பேட்டரிக்குரியது; நெக்ஸான் போன்ற கார்களில் அது தரைத் தட்டுக்குக் கீழே உலோகப் பெட்டிக்குள் இருக்கிறது. வேகத்தடையிலோ கல்லிலோ மோதினால் முதல் அடி அதற்குத்தான். ஆகவே வண்டியை லிஃப்டில் ஏற்றி, டார்ச் அடித்துப் பாருங்கள். மேலாகத் தேய்ந்த கோடுகள் பரவாயில்லை. பெட்டி உள்வாங்கியிருந்தாலோ, விளிம்பு மடங்கியிருந்தாலோ, போல்ட்டைச் சுற்றி விரிசல் தெரிந்தாலோ விலை பேச வேண்டாம். நெக்ஸானின் பேட்டரிப் பெட்டி ஐ.பி.67 தரத்தது, அதாவது ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது. ஆனால் பெட்டி நெளிந்து ரப்பர் சீல் பிசகிவிட்டால் இந்தத் தரத்தை நம்ப முடியாது. இந்த வண்டிக்குப் பேட்டரி வாரண்டி 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று விற்பவர் சொல்வார். சொல்வது சரிதான், ஆனால் அடிபட்டு வந்த சேதத்தை வாரண்டியில் ஏற்பது வழக்கமில்லை.

சுற்றிலும் பழைய மண் படிந்திருக்க, பேட்டரிப் பெட்டிக்கு மட்டும் புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். குளிர்விக்கும் திரவம் கசிந்த கறையும் அப்படியே. ஆரஞ்சு நிறக் கேபிள்கள் உயர் அழுத்த மின்சாரம் போகிறவை. அவற்றைத் தொடக்கூடாது; கண்ணால் பார்த்தால் போதும். அதில் டேப் சுற்றிய ஒட்டு இருந்தால் அந்த வண்டியே வேண்டாம்.

அடுத்தது சார்ஜ் செருகுமிடம். மூடி உடைந்திருப்பது சிறு செலவு. ஆனால் துளைகளைச் சுற்றிப் பிளாஸ்டிக் உருகியோ கருகியோ இருந்தால், இணைப்பு சூடேறியிருக்கிறது என்று பொருள்.

மேல் மேனிக்கு வருவோம். பட்டி பூசி மறைத்த இடத்தைக் கண்டுபிடிக்கத் துணி சுற்றிய சிறு காந்தம் போதும். இரும்புத் தகட்டில் ஒட்டுவது பட்டி கனமான இடத்தில் ஒட்டாது. பம்பர் பிளாஸ்டிக் ஆனதால் அங்கே காந்தம் பேசாது. கதவு ரப்பர் பீடிங்கில் பெயிண்ட் துளி, பானட் போல்ட்டில் ஸ்பானர் பட்ட தழும்பு, இரு ஹெட்லைட்டில் ஒன்று மட்டும் புத்தம் புதிது என்றால் டிங்கரிங் நடந்திருக்கிறது. பகல் வெளிச்சத்தில், கழுவித் துடைத்த வண்டியைப் பாருங்கள். மழையில் நனைந்த வண்டியில் எந்தப் பெயிண்டும் பளபளக்கும்.

பின்பக்கத்து மேட்டைத் தூக்கிப் பார்க்க நம்மவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். உப்பு மூட்டை ஏற்றிய வண்டி அங்கே துரு காட்டும். பச்சை நம்பர் பிளேட்டில் வெள்ளை எழுத்து சொந்த வண்டி. மஞ்சள் எழுத்து என்றால் வாடகைக்கு ஓடியது.

2023 டிசம்பரில் சென்னையிலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் ஏராளம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை அங்கே தங்கும். சீட்டின் அடி இரும்பில் துருவும், விளக்குக்குள் நீர்க்கோடும் அதே கதையைச் சொல்லும்.

கடைசியாக இன்ஷூரன்ஸ் பாலிசி. நஷ்டஈடு கேட்காத உரிமையாளருக்கு "நோ கிளைம் போனஸ்" 20 சதவிகிதத்தில் தொடங்கி 50 சதவிகிதம் வரை ஏறும். ஒரே கையில் நான்கு வருடம் ஓடிய வண்டியின் பாலிசியில் இது பூஜ்யம் என்றிருந்தால், எந்த விபத்துக்குக் கிளைம் எடுத்தீர்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். அந்த ரிப்பேர் பில்லில் மாற்றிய பாகங்களின் பட்டியல் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி ஒருமுறை அடிப்பாகத்தைப் பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுக்கலாம்.