பழைய மோட்டார் காரில் ஐடிலிங் வேகம் மிகுதல்: காரணமும் பரிகாரமும்

மோட்டார் கார் ஓரிடத்தில் நிற்கையில், ஆக்ஸிலரேட்டரின்மேல் கால் வைக்காதபோதும், இன்ஜின் அணைந்துபோகாமல் தானே மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும். இதனை ஐடிலிங் என்பர். நல்ல நிலையிலுள்ள பழைய பெட்ரோல் காரில் இவ்வேகம் நிமிஷத்திற்குச் சுமார் 600 முதல் 900 சுற்று வரை இருக்கும்; அந்தந்த வண்டிக்கு உரிய அளவு அதன் கைப்புத்தகத்தில் கண்டிருக்கும். நன்றாகச் சூடேறிய பின்னும் இன்ஜின் 1,200 அல்லது 1,500 சுற்று வேகத்தில் இரைந்துகொண்டே நிற்குமாயின், எங்கோ ஒரு கோளாறு உண்டென்று அறிய வேண்டும்.

இக்கோளாற்றை அற்பமென்று தள்ளிவிடலாகாது. நின்ற இடத்திலேயே பெட்ரோல் வீணாகிறது. கியர் மாற்றும்போது, சிறப்பாகப் பின்கியர் போடும்போது, பற்சக்கரங்கள் கரகரவென்று உராய்ந்து தேய்கின்றன. காலை எடுத்த பின்னும் இன்ஜின் வண்டியை முன்னே தள்ளுவதால் பிரேக்குக்கு வேலை மிகுகிறது. காய்கறிக் கூடைகளை ஏற்றிய வண்டி சந்தைக் கூட்டத்திற்குள் நுழைகையில் இஃது ஆபத்துக்கும் இடமாகும். சாவியைத் திருப்பி அணைத்த பின்பும் இன்ஜின் சிறிது நேரம் உதறி உதறி ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கு அம்பாஸடர் கார் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. 1958 முதல் 2014 வரை மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் செய்யப்பட்ட இவ்வண்டியை இன்றும் பேணி வைத்திருப்போர் உளர். இதில் நெடுங்காலம் பொருத்தப்பெற்ற 1,489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் இன்ஜின் எளிய அமைப்புடையது. கார்புரேட்டர் உள்ள மற்றப் பழைய கார்களுக்கும் ஜீப்புகளுக்கும் இம்முறை பெரும்பாலும் பொருந்தும்.

வேகம் மிகுவது எதனால்?

பெட்ரோல் இன்ஜினின் வேகம் அது உட்கொள்ளும் காற்றையும் பெட்ரோலையும் பொறுத்தது. கார்புரேட்டரின் உள்ளே வட்டமான ஒரு தகடு ஓர் அச்சின்மேல் திரும்பும்படி அமைந்துள்ளது. இதுவே திராட்டில். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இத்தகடு திறக்கும். காலை எடுத்தால் மூடிக்கொள்ளும். முற்றிலும் மூடிவிடாதபடி ஒரு சிறு திருகு அதனைத் தாங்கி நிற்கும். அந்த மயிரிழை இடைவெளியில் நுழையும் காற்றும், தனித் துவாரத்தின் வழியே வரும் சிறிது பெட்ரோலுமே ஐடிலிங்குக்குப் போதுமானவை.

மடையை அடைத்த பின்பும் வயலில் நீர் ஏறிக்கொண்டே இருந்தால், மடைப்பலகை சரியாக இறங்கவில்லை என்றோ, வரப்பில் நண்டு வளை விழுந்திருக்கிறது என்றோ உழவர் அறிவர். பலகையை மேலும் ஓங்கி அடிப்பதால் நண்டு வளை அடைபடாது. இன்ஜினிலும் இதுவே நியாயம். ஒன்று, திராட்டில் தகடு முழுதும் திரும்பி வரவில்லை. அல்லது, வேறு வழியாகக் காற்று உட்புகுகிறது. இவ்விரண்டும் இல்லையேல், தீப்பொறி உரிய காலத்திற்கு முன்னரே விழுகிறது. காரணத்தைத் தேடாமல் ஐடிலிங் திருகைத் தளர்த்தி வேகத்தைக் குறைப்பது, நோயை விட்டு அறிகுறியை மறைப்பதாகும். ஒட்டிக்கொண்டிருந்த கேபிள் ஒருநாள் தானே விடுபட்டுத் திரும்பினால், அவ்வாறு திருகிய வண்டி நாற்சந்தியின் நடுவில் அணைந்து நின்றுவிடும். ஆகையால் திருகைக் கடைசியிலேயே தொட வேண்டும்.

எச்சரிக்கை

சோதனையைத் திறந்த வெளியில் செய்தல் வேண்டும். புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு நிறமும் மணமும் அற்ற விஷ வாயுவாகையால், மூடிய கொட்டகையில் இன்ஜினை ஓடவிடுவது உயிருக்கே கேடாகும். கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கல் அல்லது கட்டை கொடுக்க வேண்டும். வேட்டித் தலைப்பும் தோள் துண்டும் விசிறியில் சிக்காதபடி இறுகக் கட்டிக்கொள்ள வேண்டும்.

முதற் சோதனை: சோக்

குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பச் சோக்கை இழுக்கும்போது திராட்டிலும் சிறிது திறக்கும்படியான அமைப்பு உண்டு. அப்போது வேகம் மிகுவது இயல்பே. ஆகையால் வண்டியைப் பத்துப் பதினைந்து நிமிஷம் ஓட்டிச் சூடேற்றிய பின்னரே கோளாறு உண்டா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். சோக் குமிழை முற்றிலும் உள்ளே தள்ளி, கார்புரேட்டரில் அதன் நெம்புகோலும் பழைய நிலைக்குத் திரும்பியுள்ளதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். குமிழ் உள்ளே போயிருந்தும் துருப்பிடித்த கம்பி நடுவழியில் நின்றுவிடுவது உண்டு. கம்பிக்கு எண்ணெய் இட்டு, அதன் நீளத்தைச் சரிசெய்தால் இக்குறை நீங்கும்.

இரண்டாம் சோதனை: ஆக்ஸிலரேட்டர் இணைப்பு

இன்ஜினை அணைத்துவிட்டு ஒருவர் மிதியை மிதித்து விட, மற்றொருவர் கார்புரேட்டரைக் கவனிக்க வேண்டும். காலை எடுத்தவுடன் திராட்டிலின் நெம்புகோல் ‘டக்’கென்று திரும்பி, ஐடிலிங் திருகின்மேல் படிய வேண்டும். படியாமல் இடைவெளி நின்றால், இணைப்புக் கம்பியை அல்லது கேபிளைக் கார்புரேட்டரிலிருந்து கழற்றிவிட்டு மறுபடியும் பார்க்க வேண்டும். கழற்றியபின் நெம்புகோல் படிந்தால் குறை இணைப்பில் உள்ளது. படியாவிட்டால் கார்புரேட்டரின் அச்சிலோ திரும்பு ஸ்பிரிங்கிலோ உள்ளது. நைந்த கேபிள், வளைந்த கம்பி, தளர்ந்த ஸ்பிரிங், மிதியின்மேல் ஏறிக்கிடக்கும் தரைவிரிப்பு ஆகிய இவையே வழக்கமான காரணங்கள். இவற்றை மாற்ற ஆகும் செலவு சிறிது. நைந்த கேபிளையும் தளர்ந்த ஸ்பிரிங்கையும் கட்டிச் சமாளித்தல் கூடாது; ஓட்டத்தின் நடுவில் திராட்டில் திறந்தபடி நின்றுவிட்டால் விபத்து நேரும்.

மூன்றாம் சோதனை: காற்றுக் கசிவு

இணைப்பு சரியாயிருந்தும் வேகம் குறையாவிடில், ஐடிலிங் திருகைச் சுற்றுகளை எண்ணிக்கொண்டே முழுதும் தளர்த்திப் பார்க்க வேண்டும். திராட்டில் தகடு மூடிக்கொண்டவுடன் இன்ஜின் திணறி அணைய வேண்டும். அணையாமல் தாராளமாக ஓடுமாயின், காற்று வேறு வழியில் வருகிறதென்பது தெளிவு. சோதனை முடிந்ததும் எண்ணிய சுற்றுகளுக்கே திருகைத் திருப்பிவிட வேண்டும்.

திராட்டிலுக்கு அப்பால், இன்ஜினுக்குக் கலவையைக் கொண்டுசெல்லும் மானிஃபோல்டில், ஐடிலிங்கின்போது உறிஞ்சும் விசை மிகப் பலமாயிருக்கும். நல்ல இன்ஜினில் பாதரச மானியில் சுமார் 17 முதல் 21 அங்குலம் வரை காட்டும். ஆகையால் அங்குள்ள ஒரு சிறு வெடிப்பும் காற்றை இழுக்கும். பம்பு செட்டின் உறிஞ்சு குழாயில் ஒரு பொத்தல் இருந்தால் என்ன ஆகும் என்பதை அறிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

முதலில் ரப்பர் குழாய்களைப் பார்க்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் மெல்லிய குழாய், பிரேக் பூஸ்டர் உள்ள வண்டிகளில் அதற்குச் செல்லும் குழாய் ஆகியவற்றின் நுனிகள் சூட்டினால் வெடித்திருக்கும். ஒவ்வொன்றாக விரலால் நெரித்தால், எதனை நெரிக்கும்போது வேகம் மாறுகிறதோ அங்கேயே கசிவு. ஒரு சிறு குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்து மறு நுனியைப் பொருத்துவாய்களின் அருகே கொண்டுசென்றால், ‘உஸ்’ என்ற ஓசையும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். அடுத்து, கார்புரேட்டரின் அடியிலும் மானிஃபோல்டின் பொருத்துவாயிலும் உள்ள காஸ்கெட்டுகளின் ஓரத்தில் சோப்பு நீரைச் சிறிது சிறிதாக விட வேண்டும். நீர் உள்ளே இழுக்கப்பட்டு வேகம் சட்டென்று மாறினால் அந்தக் காஸ்கெட் பழுதாகும். அதற்குமுன் போல்ட்டுகளைச் சமமாக இறுக்கிப் பார்த்தல் நலம். பல வேளைகளில் அதுவே போதும்.

இச்சோதனைக்குப் பெட்ரோலைத் தெளிப்போர் சிலர் உண்டு. அது பெருந்தவறு. அம்பாஸடரின் இந்த இன்ஜினில் கலவை செல்லும் மானிஃபோல்டும், புகை வெளிவரும் மானிஃபோல்டும் ஒரே பக்கத்தில் அமைந்துள்ளன. பழுக்கக் காய்ந்த இரும்பின்மேல் பெட்ரோல் பட்டால் வண்டியே எரிந்துபோகும்.

பல்லாண்டு உழைத்த கார்புரேட்டரில் திராட்டிலின் அச்சும் அதன் துளையும் தேய்ந்திருக்கும். அச்சின் நுனியை விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரியும். அவ்வழியே காற்றும் கசியும். தகடும் ஒவ்வொரு முறை ஒவ்வோரிடத்தில் நிற்கும். துளையைக் கடைந்து புஷ் போடவல்ல லேத் பட்டறையில் இதனைச் சீர்செய்துகொள்ளலாம். மிகத் தேய்ந்திருந்தால் கார்புரேட்டரையே மாற்ற வேண்டும்.

நான்காம் சோதனை: தீப்பொறியின் காலம்

தீப்பொறி முந்தி விழுந்தாலும் வேகம் ஏறும். மெக்கானிக்குகள் டெல்கோ என்று வழங்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் உள்ளே, வேகத்திற்கேற்பத் தீப்பொறியை முந்தச் செய்யும் இரண்டு எடைகளும் அவற்றை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகளும் உள்ளன. ஸ்பிரிங் தளர்ந்தாலும் அறுந்தாலும் எடைகள் விரிந்தபடியே நிற்கும். மிதித்து விட்டபின் இரைச்சல் நெடுநேரம் இறங்காதிருப்பது இதன் அடையாளம். முதலில் பாயிண்ட்டின் இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைத்து, பிறகு டைமிங் விளக்கினால் காலத்தைச் சரிபார்க்க வேண்டும். இடைவெளி மாறினால் காலமும் மாறுமாகையால் இவ்வரிசையைப் பிறழவிடலாகாது. விளக்கில்லாதவர்கள் இவ்வேலையைப் பழகிய மெக்கானிக்கிடம் விடுவதே நன்று.

முடிவில் திருகுதல்

மேற்கூறிய யாவும் சரியான பின், சூடேறிய இன்ஜினில், ஏர் ஃபில்டரைப் பொருத்திய நிலையில், ஐடிலிங் திருகினால் வேகத்தை உரிய அளவிற்குக் கொணர வேண்டும். பிறகு கலவைத் திருகை மெல்ல இருபுறமும் திருப்பி, இன்ஜின் தடுமாற்றமின்றிச் சீராக ஓடும் இடத்தில் நிறுத்த வேண்டும். அப்போது வேகம் சிறிது ஏறினால் ஐடிலிங் திருகினால் மறுபடியும் இறக்கிக்கொள்ளலாம். கலவைத் திருகின் முனை ஊசி போன்றது. அதனை அழுத்தி இறுக்கினால் முனையில் தழும்பு விழுந்து கலவை ஒருபோதும் நிலைப்படாது.

கார்புரேட்டருக்குப் பதிலாக எலக்ட்ரானிக் முறையில் பெட்ரோலைத் தெளிக்கும் கார்களில் இத்திருகுகளைக் கொண்டு சரிசெய்யும் முறை பொருந்தாது. அவற்றில் திராட்டிலில் படிந்த அழுக்கையும், ஐடிலிங் காற்றை அளந்துவிடும் வால்வையும், வெப்பமறியும் கருவியையும் சோதிக்க வேண்டும். ஆயினும் ரப்பர் குழாய் வெடிப்பும் காஸ்கெட் கசிவும் அவற்றிலும் நேர்வனவே. அங்கும் தேட வேண்டியது மிகையான காற்று வரும் வழியையே.

இச்சோதனைகள் செலவு குறைந்ததில் தொடங்கிச் செலவு மிகுந்ததில் முடியும்படி வரிசை செய்யப்பட்டுள்ளன. ஒரு ரப்பர் குழாயில் முடியக்கூடிய வேலைக்குப் புதிய கார்புரேட்டர் வாங்கும் நஷ்டம் இவ்வரிசையால் நீங்கும். மாதம் ஒருமுறை இணைப்புகளுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் இடுதலும், வெடித்த குழாய்களை உடனே மாற்றுதலும், திருகுகளைத் திருப்பிய நாளையும் சுற்றுகளையும் ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைத்தலும் வண்டியுடையோர் கைக்கொள்ளத் தக்க பழக்கங்களாகும்.